ஜன்னல் திரையில் தைத்த ராஜ உடை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விசைத்தறித் தோழர்கள் ஐவர் என்னைக் காண வந்தனர். ஐவரும் ஒரே நாடக மன்றத்தினர். பகலெல்லாம் தறியோடு தறியாக நின்று உழைத்துவிட்டு, ஷிப்டு முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒத்திகைக்கு ஓடுகிறவர்கள்.

"அண்ணே, இந்த ஆண்டு அடிமைத்தனத்தைப் பற்றிப் புதிய நாடகம் போடுவதென்று முடிவு செய்துவிட்டோம். கதையைக் கேட்டு நாலு யோசனை சொல்ல வேண்டும்" என்றார்கள்.

கதையைச் சொன்னார்கள். முதற் காட்சியில் கப்பல். இரண்டாங் காட்சியில் ஏலச் சந்தை. மூன்றாங் காட்சியில் சவுக்கு. நான்காங் காட்சியில் தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்தல். ஐந்தாங் காட்சியில் வெள்ளைக்காரத் தருமவான் ஒருவர் தோன்றி விலங்கை ஒடித்தல். சுபம்! சவுக்கடிக்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அடி வாங்கப் போகிற தோழரோ மெலிந்த உடம்புக்காரர். கதையைக் கேட்கும்போதே முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்!

"சரி தம்பிகளே, இந்த நாடகத்தில் அடிமை என்னதான் செய்கிறான்?" என்று கேட்டேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "அடி வாங்குகிறான், அண்ணே."

"அப்புறம்?"

"அழுகிறான்."

"அப்புறம்?"

"விடுதலை... கொடுக்கிறார்கள்."

கொடுக்கிறார்கள்! அந்தச் சொல்தான் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தோழர்களின் நல்ல நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அழுகிற அடிமையைக் கண்டு ஆண்டைமாரும் அழுதிருக்கிறார்களே! 1695ஆம் ஆண்டு இலண்டன் மேடையில் 'ஒரூனோகோ' என்றொரு நாடகம் ஏறிற்று. ஆப்பிரிக்க இளவரசன் ஒருவன் அடிமையாக விற்கப்பட்டு, தென் அமெரிக்காவின் சூரினாம் தோட்டத்தில் மாண்டு போகிற கதை. வெள்ளை நடிகர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு நடித்தார். நூறாண்டுக்கும் மேலாக அந்த நாடகம் நடந்தது. சீமாட்டிகள் கைக்குட்டை நனைய நனைய அழுதனர். அதே நூறாண்டில்தான் ஆங்கிலேயக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையே இலட்சக்கணக்கான மனிதரை விலங்கிட்டு ஏற்றிச் சென்றன. அழுகையும் நடந்தது, ஏற்றுமதியும் நடந்தது. கண்ணீர் ஒரு கப்பலையாவது தடுத்து நிறுத்திற்றா?

அடிமை அழலாம், ஆடலாம், கோமாளி வேடம் கட்டிச் சிரிக்கவும் வைக்கலாம். ஆனால் அவனே கொட்டகை கட்டி, அவனே அரச வேடம் பூண்டு, தன் கதையைத் தானே எழுதி மேடையேற்றினால்? அப்போதுதான் போலீஸ் வரும்! வந்தது. அந்தக் கதையைத் தோழர்களுக்குச் சொன்னேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

ஐஸ்கிரீம் தோட்டம்

ஆண்டு 1821. ஊர் நியூயார்க். சுதந்திரம் சுதந்திரம் என்று முழங்கிப் பிறந்த நாடல்லவா அமெரிக்கா! அந்த நாட்டின் அந்த நகரில் அப்போது சுமார் பத்தாயிரம் கறுப்பர்கள் அடிமைத்தளையின்றி வாழ்ந்தனர். இன்னும் சில நூறு பேர் அடிமைகளாகவே இருந்தனர். படிப்படியாக விடுதலை என்று 1799இல் ஒரு சட்டம். பிறகு 1817இல் இன்னொன்று. அதன்படி முழு விடுதலைக்குக் குறித்த நாள் எது தெரியுமா? 1827 ஜூலை 4! பத்தாண்டு கழித்து விடியுமென்று சட்டம் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போன மகாநுபாவர்கள்.

அந்த ஊரில் வில்லியம் பிரௌன் என்றொரு கறுப்பர். கப்பலில் பரிசாரகராக வேலை பார்த்து ஓய்ந்தவர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர் என்பார்கள். நகரத்து உல்லாசத் தோட்டங்களில் கறுப்பருக்கு இடமில்லை. எனவே பிரௌன் தாமஸ் தெருவில் தம் வீட்டின் பின்புறத்தில் தாமே ஒரு தோட்டம் அமைத்தார். 'ஆப்பிரிக்கன் குரோவ்' என்று பெயர். வாரமெல்லாம் பிறர் வீட்டில் தட்டேந்தியவர்கள், ஞாயிறன்று நல்லுடை உடுத்தி அங்கே வந்து அமர்ந்தார்கள். ஐஸ்கிரீம், கேக்கு, கொஞ்சம் மது, கொஞ்சம் பாட்டு. பாடியவர் ஜேம்ஸ் ஹியூலெட். பின்னாளில் பெரும் நடிகராகப் பேரெடுத்தவர்.

அக்கம்பக்கத்தார் பொறுப்பார்களா? சத்தம் அதிகமென்று புகார் போயிற்று. தோட்டம் மூடப்பட்டது. பிரௌன் தலையில் கைவைத்து உட்காரவில்லை. தோட்டத்தில் பாடினால்தானே சத்தம்? வீட்டுக்குள்ளே மேடை போட்டார். 1821 செப்டம்பரில் திரை உயர்ந்தது. என்ன நாடகம்? ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு'! கூனல் முதுகோடு, கொலைமேல் கொலை செய்து இங்கிலாந்தின் அரியணை ஏறி, போர்க்களத்தில் மடிகிற மன்னனின் கதை. அந்நாளில் நியூயார்க்கின் பெரிய கொட்டகைகளில் அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

நடிகர்கள் யார்? பட்டம் பெற்றவர்களா, பரம்பரைக் கலைஞர்களா? வீட்டு வேலைக்காரர்கள், ஓட்டல் பணியாளர்கள், கப்பல் பரிசாரகர்கள்! ரிச்சர்டு மன்னன் வேடமிட்டவரே ஓட்டலில் பரிமாறுகிறவர் என்று அந்நாளைய பத்திரிகை ஒன்று எழுதிற்று. ராஜ உடைக்குப் பட்டும் பீதாம்பரமும் எங்கே போவது? நடன மண்டபத்தில் வேண்டாமென்று கழித்துப் போட்ட கம்பளி ஜன்னல் திரையை எடுத்துத் தைத்துக்கொண்டார்களாம். ஆள் பற்றாக்குறை வேறு. ஆறாம் ஹென்றி மன்னனாக வந்தவரே சற்று நேரத்தில் அரசியின் அங்கி மாட்டிக்கொண்டு ராஜமாதாவாக வந்தாராம்! அந்தப் பத்திரிகை இதையெல்லாம் எழுதியது கேலி செய்ய. இரவில் வேடம் கட்டி விடியற்காலையில் வேலைக்கு ஓடிப் பழகிய நம் தோழர்களுக்கு மட்டும் அதில் கேலி தோன்றவில்லை. "நம்ம கதைதான் அண்ணே" என்றார் ஒருவர். சென்ற ஆண்டு அவரே நீதிபதியாகவும் திருடனாகவும் ஒரே இரவில் வந்தவர்!

வெள்ளையரும் டிக்கட் வாங்கி வந்தனர். பலர் நாடகம் பார்க்க வரவில்லை. கூச்சலிடவும் குறும்பு செய்யவும் வந்தனர். பிரௌன் பார்த்தார். கொட்டகையின் பின்கோடியில் ஒரு தடுப்பு வைத்தார். வெள்ளையர் அங்கேதான் உட்கார வேண்டும்! காரணத்தையும் நோட்டீசில் அச்சடித்துவிட்டார்: பெரிய மனிதர் கூடும் இடத்தில் எப்படி நடந்துகொள்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில்! பெரிய கொட்டகையான பார்க் தியேட்டரில் கறுப்பருக்கு மேல்மாடி மூலை ஒன்றுதான் ஒதுக்கியிருந்தார்கள் என்பதை நினைவிற் கொண்டால், பிரௌன் வைத்த தடுப்பின் சுவை புரியும்.

ஷெரீப்பின் பேனா

கேலி எழுதிய பத்திரிகை 'நேஷனல் அட்வகேட்'. ஆசிரியர் மோர்டிகாய் நோவா. அவர் வெறும் பத்திரிகை ஆசிரியர் மட்டுமல்ல. நகரத்தின் ஷெரீப்பும் அவரே, நாடகாசிரியரும் அவரே! பேனா ஒரு கையில், பிரம்பு மறு கையில்.

அவருக்கு ஏன் இந்தத் தோட்டத்தின் மீது இத்தனை கண்? அங்கேதான் அரசியல் இருக்கிறது, தோழர்களே! அதே 1821இல் நியூயார்க் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுரிமைக்குச் சொத்து வேண்டுமா, வேண்டாமா என்பது வழக்கு. முடிவு என்ன? வெள்ளைக்கார ஏழைக்குச் சொத்துத் தகுதி நீங்கிற்று. கறுப்பருக்கோ 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் ஓட்டு என்று விதி ஏறிற்று! ஒரே சட்டத்தில் ஒருவனுக்குக் கதவு திறந்தது, மற்றவனுக்குத் தாழ் விழுந்தது. அந்த வாதம் நடந்த நாட்களில்தான் நோவா எழுதினார். இன்று ஆட்டமும் பாட்டும் நாடகமும் என்று கூடுகிறவர்கள் நாளை சட்டசபையில் இடம் கேட்பார்கள் என்ற கருத்துப்பட எழுதினார்.

கிண்டலுக்குத்தான் எழுதினார். ஆனால் உண்மையை எழுதிவிட்டார். மேடையிலே அரசனாக ஓர் இரவு நிற்பவன், மறுநாள் காலை ஆண்டையின் முன் குனிந்து நிற்கும்போது முதுகு கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அந்த வலி எங்கே கொண்டுபோய் விடுமென்று ஷெரீப்புக்குத் தெரிந்திருந்தது. நம் நாடகத்தில் இந்த நோவாவை மீசை முறுக்கும் வில்லனாக்கிவிடாதீர்கள் என்று தோழர்களிடம் கேட்டுக்கொண்டேன். படித்தவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், தாமே நாடகம் எழுதுகிறவர். கலையை நேசிக்கிற மனிதர் இன்னொருவன் கலைக்குப் பூட்டுப் போடுகிறார். அப்படிக் காட்டினால்தான் சபையில் இருப்பவன் நிமிர்ந்து உட்காருவான்.

1822 ஜனவரியில் பிரௌன் துணிந்து ஒரு காரியம் செய்தார். பார்க் தியேட்டருக்கு அடுத்தாற்போலிருந்த ஓட்டல் ஒன்றில் மண்டபம் பிடித்து அங்கேயே ஷேக்ஸ்பியரை ஏற்றினார். பார்க் தியேட்டரோ 2500 பேர் அமரும் கொட்டகை. தீயில் எரிந்து புதிதாகக் கட்டித் திறந்து சில மாதங்களே ஆனது. அதன் நிர்வாகி ஸ்டீபன் பிரைஸ். அடுத்த கட்டடத்திலேயே போட்டி! போலீஸ் வந்தது. மேடை மீதேறி நடிகர்களைப் பிடித்துச் சென்றது. தூண்டியவர் பிரைசே என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். எந்த நிபந்தனையின் பேரில் விட்டார்களென்று அந்தப் பத்திரிகையே எழுதிற்று. இனிமேல் ஷேக்ஸ்பியரை நடிப்பதில்லையென்று உறுதி சொல்ல வேண்டுமாம்!

திருடாதே என்று எழுதி வாங்குவார்கள். குடித்துக் கலகம் செய்யாதே என்று எழுதி வாங்குவார்கள். கவிதை பேசாதே என்று எழுதி வாங்கிய போலீசைக் கேட்டதுண்டா?

பிரௌன் மெர்சர் தெருவுக்குப் பின்வாங்கி மீண்டும் மேடை கட்டினார். ஆகஸ்டு மாதம் அங்கும் புகுந்தது ஒரு கும்பல். குதிரை சர்க்கஸ்காரர்கள் என்று சொல்லப்படுகிறது. திரையைக் கிழித்தார்கள், காட்சிகளை உடைத்தார்கள், நடிகர்களை அடித்தார்கள். பிரௌனுக்கும் அடி.

காணாமற்போன நாடகம்

இத்தனைக்கும் நடுவே அந்த மனிதர் ஒரு நாடகம் எழுதினார். 'ஷாட்டவே மன்னன்' என்பது பெயர். அமெரிக்காவில் ஒரு கறுப்பர் எழுதி மேடையேறியதாக அறியப்பட்ட முதல் நாடகம் அதுவே. 1823 என்று பொதுவாக ஆண்டு குறிக்கிறார்கள்.

யார் இந்த ஷாட்டவே? மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் வின்சென்ட் என்றொரு சிறு தீவு. அங்கே கரீபியப் பழங்குடியினரும், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஆப்பிரிக்கரும் கலந்து ஓர் இனமாக வாழ்ந்தனர். இன்று கரிஃபூனா என்று பெயர். 1763இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கரும்பு போடக் கொழுத்த நிலம் வேண்டும். அந்த நிலம் இவர்கள் கையில்! சண்டை மூண்டது. 1773இல் உடன்படிக்கை. அது தேய்ந்தது. 1795இல் மறுபடி கிளர்ச்சி. அதன் தலைவர் ஷாட்டோயே. அந்தப் பெயரே நியூயார்க் நோட்டீசில் ஷாட்டவே ஆயிற்று. 1795 மார்ச் 14 அன்று அவர் போரில் வீழ்ந்தார். அவருடைய மக்கள் இரண்டாண்டு போரிட்டுத் தோற்றனர். ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துத் தண்ணீரற்ற ஒரு குட்டித் தீவில் அடைத்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் அங்கேயே மாண்டனர். எஞ்சியவர்களை 1797இல் கப்பலேற்றி, மத்திய அமெரிக்கக் கரையோரம் ரோவாத்தான் தீவில் இறக்கிவிட்டார்கள்.

இந்தக் கதையை ஒரு கறுப்பர் எழுதினார். அனுபவத்திலிருந்து எழுதியது என்று நோட்டீஸ் சொல்லிற்று. பிரௌன் அந்தத் தீவுக்காரராகவே இருக்கலாமென்று எண்ணுவோர் உண்டு. அது எந்தக் காலம்? 1822இல், தெற்கே சார்லஸ்டன் நகரில் டென்மார்க் வெஸி என்ற கறுப்பர் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று குற்றம் சாட்டி, அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். நாடெங்கும் ஆண்டைமார் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கிய காலம். அந்தக் காலத்தில், கிளர்ச்சித் தலைவனை மன்னனாக்கி மேடையேற்றினார் பிரௌன்! அதோடு நின்றாரா? 'டாமும் ஜெர்ரியும்' என்றொரு இலண்டன் வேடிக்கை நாடகம் அப்போது பிரபலம். அதை எடுத்து நடித்தபோது, மூலத்தில் இல்லாத ஒரு காட்சியைச் சேர்த்தார். எந்தக் காட்சி? சார்லஸ்டன் நகரத்து அடிமை ஏலம்! சிரிக்க வந்தவர்கள் முன்னே ஏலக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினார். தோழர்கள் பதினைந்து நிமிடம் சவுக்கைச் சுழற்றி அடைய நினைத்ததை அந்தக் கப்பல் பரிசாரகர் எவ்வளவு சிக்கனமாக அடைந்தார் பாருங்கள்!

"அந்த ஷாட்டவே நாடகப் பிரதி கிடைக்குமா அண்ணே? அதையே போட்டுவிடலாமே" என்றார் ஒரு தோழர்.

கிடைக்காது. ஒரு வரியும் எஞ்சவில்லை. நோட்டீஸ் செய்தி மட்டுமே மிச்சம். போலீசை எழுத்திலே புகழ்ந்த பத்திரிகை கட்டுக் கட்டாக நூலகங்களில் இருக்கிறது. அடிபட்டவன் எழுதிய நாடகம் அழிந்துவிட்டது. வரலாறு எழுதுகிற பேனா யார் கையிலிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தோழர்கள் முகம் வாடிற்று. "ஏன் வாடுகிறீர்கள்? அதுதானே உங்கள் நாடகம்!" என்றேன். ஷாட்டவே பேசியிருக்கக்கூடிய வசனத்தை நாம் கற்பனை செய்து, இதுதான் பிரௌன் எழுதியது என்று சபையை ஏமாற்ற வேண்டாம். ஒத்திகையை நாடகமாக்குவோம். கழித்துப் போட்ட திரைத்துணியை ஒருவர் தைக்கிறார். ஒருவர் அரிக்கேன் விளக்குப் பக்கத்தில் பாடம் படிக்கிறார். நாளைக் காலை ஐந்து மணிக்கு ஆண்டை வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியவர். ஒருவர் இன்னும் அடிமை; அனுமதிச் சீட்டில்லாமல் வந்திருக்கிறார்; நடிக்கலாமா, பிடிபட்டால் என்ன ஆகும் என்று வாதம். ஷேக்ஸ்பியரை விடுவதா என்றொரு வாதம். நமக்கென்று ஒரு மன்னனிருக்க இங்கிலாந்து மன்னன் எதற்கு என்றொரு வாதம். பிரௌன் காகிதத்தை விரித்து ஷாட்டவேயின் முதல் வரியைப் படிக்க வாயெடுக்கிறார். கதவு தட்டப்படுகிறது. திரை! சபையிலிருப்பவன் அந்த வரி என்னவென்று அறியாமலே வீட்டுக்குப் போகட்டும். அதை எண்ணி எண்ணி அவனுக்குத் தூக்கம் வராமலிருக்கட்டும்.

அனுமதிச் சீட்டு அடிமை நான் கூட்டிக்கொண்ட பாத்திரம். மற்றவை நடந்தவை, அல்லது நடந்தவற்றை ஒட்டியவை. எது எதுவென்று நோட்டீசிலேயே அச்சிட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன்.

கரி வேண்டாம்

அடுத்து ஒப்பனை. ஐவரில் ஒருவர் அரிதாரக் கலைஞர். "கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசினால் ஆப்பிரிக்கன் போலவே இருக்கும்" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஏன்?

பிரௌனின் கொட்டகை 1824க்குள் மறைந்தது. அடுத்த பத்தாண்டுக்குள், டி. டி. ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி, கந்தல் உடுத்தி, 'ஜிம் குரோ' என்று நொண்டிக் கூத்தாடிப் பெரும் பணம் குவித்தார். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் கரி பூசிய கும்பல்கள். கறுப்பன் என்றால் சோம்பேறி, கறுப்பன் என்றால் கோமாளி என்று அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்காவைச் சிரிக்க வைத்தார்கள். பிறகு கறுப்பரை ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கே 'ஜிம் குரோ சட்டம்' என்று பெயர் நிலைத்தது. ராஜ வேடம் போட்ட கறுப்பரை மேடையிலிருந்து இறக்கினார்கள். கறுப்பர் வேடம் போட்ட வெள்ளையரை ஏற்றினார்கள். அந்தக் கரியை நாம் தொடலாமா? மேலும், பகல் பன்னிரண்டு மணி வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிற நம் தோழர்களுக்குக் கரி வேறு எதற்கு என்று கேட்டதும், அரிதாரக்காரர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டனர்.

ஐந்தாங் காட்சித் தருமவான்? அவரையும் அனுப்பிவிட்டோம். உழைத்த வெள்ளையர் இருந்தனர், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1831 இறுதியில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் அடிமைகள் பல்லாயிரவர் எழுந்து நின்ற பின்னரே, 1833இல் இங்கிலாந்து ஒழிப்புச் சட்டம் இயற்றிற்று. ஷார்ப்புக்குக் கிடைத்தது தூக்கு. சட்டப்படி இரண்டு கோடி பவுன் நட்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைக்கா? அடிமையை வைத்திருந்தவனுக்கு! அந்தக் கடனை ஆங்கில அரசு அடைத்து முடித்த ஆண்டு 2015.

இருவர் சந்தித்தனர்

பிரௌனின் கொட்டகை மறைந்தது. ஆனால் அதன் விதை ஒன்று கடல் கடந்தது. ஐரா ஆல்டிரிட்ஜ்! 1807இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்புப் பையன். அந்தக் கொட்டகையோடு தொடர்பு கொண்டு நடிப்புப் பழகியவர். அமெரிக்காவில் தமக்கு மேடையில்லையென்று கண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1825இல் இலண்டனில் 'சூரினாம் கிளர்ச்சி' என்ற நாடகத்தில் நடித்தார். வெள்ளையர் கரி பூசிக்கொண்டு அழ வைத்த அதே ஒரூனோகோ கதைதான்! இப்போது கறுப்பர் வாயால் வந்தது. 1833 ஏப்ரலில், புகழ்பெற்ற எட்மண்டு கீன் மேடையில் மயங்கி விழுந்த இடத்தில், கவெண்ட் கார்டன் கொட்டகையில் ஒதெல்லோவாக நின்றார். பத்திரிகைகள் பாய்ந்தன. இரண்டே இரவு, மூன்றாம் இரவு இல்லை. அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு! பாராளுமன்றத்தில் கறுப்பருக்கு விடுதலை, கொட்டகையில் கறுப்பருக்குக் கதவடைப்பு. இதைக் கருவாகக் கொண்டு 2012இல் லோலிதா சக்கரவர்த்தி எழுதிய 'ரெட் வெல்வெட்' இலண்டனில் நடந்து பேர் பெற்றது.

ஆல்டிரிட்ஜ் சோரவில்லை. ஊர் ஊராக நடித்தார். ஐரோப்பா முழுவதும் போனார். 1858இல் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க். அங்கே அவரைக் காண ஒரு கவிஞர் வந்தார். தாரஸ் ஷெவ்சென்கோ, உக்ரேனியர். பண்ணையடிமையாகப் பிறந்தவர். ஓவியம் வரையும் கையை ஆண்டையிடமிருந்து 2500 ரூபிளுக்கு 1838இல் நண்பர்கள் மீட்டனர். ஆனால் பாட்டெழுதினார் என்று 1847இல் ஜார் மன்னன் பிடித்துப் பட்டாளத்துக்கு அனுப்பினான். எழுதவும் கூடாது, வரையவும் கூடாது என்று தன் கையாலேயே உத்தரவு எழுதினான்! பத்தாண்டு தண்டனை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது, மற்றவருக்கு ரஷ்யன் தெரியாது. கோமான் டால்ஸ்டாய் ஒருவரின் சிறுமகள் மொழிபெயர்த்தாள். ஷேக்ஸ்பியர் பேசாதே என்று உறுதி கேட்கப்பட்ட கொட்டகையின் பிள்ளையை, வரையாதே என்று உத்தரவிடப்பட்ட கை வரைந்தது. அந்தப் படம் இருக்கிறது. இந்தச் சந்திப்பையும் சேர்க்க வேண்டுமென்று தோழர்கள் துடித்தனர். ஒரே நாடகத்தில் இவ்வளவும் ஏற்றினால் வண்டி நகராது. அடுத்த ஆண்டுக்கு வையுங்கள் என்று தடுத்தேன். எனக்கும் ஆசைதான்.

ஆனால் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். நாடகம் தொடங்கும் முன் திரைக்கு வெளியே ஒருவர் வந்து நின்று சொல்ல வேண்டிய செய்தி அது. அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலி என்று புதுப் பெயர் சூட்டினார்கள். ஷாட்டோயே வீழ்ந்த அதே செயின்ட் வின்சென்ட் தீவுக்கு, 1861 ஜூன் முதல் நாள், இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் வந்து நின்றது. கப்பலின் பெயர் 'திருவாங்கூர்'. ஏறத்தாழ 260 பேர். எந்தத் துறைமுகத்திலிருந்து? சென்னையிலிருந்து!

ஐவரும் சற்று நேரம் பேசவில்லை. மெலிந்த உடம்புக்காரத் தோழர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்போ எனக்குச் சவுக்கடி இல்லையா அண்ணே?" இல்லை, நீங்கள்தான் பிரௌன் என்றேன். மற்ற நால்வரும் ஒப்புக்கொண்டனர். அரிதாரக்காரர் மட்டும் தமக்கும் ஒரு வேடம் வேண்டுமென்றார். ஷெரீப் வேடத்தைக் கொடுத்தோம். அடுத்த மாதம் ஒத்திகை தொடங்குகிறது. ராஜ உடைக்கு மட்டும் புதுத் துணி எடுக்க வேண்டாம், வீட்டில் பழைய திரை இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.